புனிதரின் திருநாள் – இறந்த நாளே பிறந்த நாள்

பிறந்த நாளைக் கொண்டாடுவது உலக வழக்கு. மன்னன் பிறந்த நாளின் சிறப்பைப் பாடுவதற்கு நாண்மங்கலம் என்னும் துறையே தமிழ்ப் புறப்பொருள் இலக்கணத்தில் உண்டு. ஆனால் அடியார்களைப் போற்றும்போது தமிழர் இருவேறு வழக்குகளைக் கைக்கொண்டனர். வைணவர் ஆழ்வார்களின் பிறந்த விண்மீன் நாளைத் திருநட்சத்திரம் என்று போற்றுகின்றனர். நம்மாழ்வார்க்கு வைகாசி விசாகமும் ஆண்டாளுக்கு ஆடிப் பூரமும் அவ்வாறு அமைந்தவை. சைவரோ நாயன்மார் இறைவன் திருவடி சேர்ந்த நாளையே குருபூசை நாளாகக் கொள்கின்றனர். திருநாவுக்கரசர்க்குச் சித்திரைச் சதயமும், திருஞானசம்பந்தர்க்கு வைகாசி மூலமும், சுந்தரர்க்கு ஆடிச் சுவாதியும் முத்தி பெற்ற நாள்களே.

கத்தோலிக்கத் திருச்சபை தன் புனிதர்களுக்கு எடுக்கும் திருநாளும் இந்த இரண்டாவது வழக்கைச் சார்ந்தது. புனிதர் ஒருவரின் திருநாள் பெரும்பாலும் அவர் உயிர் நீத்த நாளாகும். அந்நாளுக்கு இலத்தீன் மொழியில் வழங்கும் பெயரோ ‘பிறந்த நாள்’ என்பது. மண்ணுலகில் இறந்த நாள் விண்ணுலகில் பிறந்த நாள் என்பது அதன் கருத்து. டிசம்பர் 3 சவேரியார் திருநாள் என்றும், ஜூன் 13 அந்தோனியார் திருநாள் என்றும் நாள்காட்டியில் காணும் மாணவர், ‘அன்றுதான் அவர் பிறந்தாரா?’ என்று ஆசிரியரை வினவுவது இயல்பு. அவ்வினாவுக்கு விடை தேடிச் சென்றால் நாள்காட்டியின் ஒவ்வொரு தேதிக்குப் பின்னும் ஒரு வரலாறு இருப்பது புலனாகும்.

வழக்கம் தோன்றிய வகை

பண்டை உரோமர் இறந்த உறவினரின் பிறந்த நாளில் அவர் கல்லறையில் கூடி உணவு படைத்து நினைவுகூர்வது உண்டு. தொடக்கக் காலக் கிறித்தவர் கல்லறைக்குச் செல்லும் அவ்வழக்கத்தை விடவில்லை. நாளை மட்டும் மாற்றிக்கொண்டனர். தம் சமயத்துக்காக உயிர் கொடுத்தோரின் இறந்த நாளில் அவர்தம் கல்லறையில் கூடி வழிபட்டனர்.

இதற்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று, சின்ன ஆசியாவின் சிமிர்னா நகரில் ஆயராயிருந்த போலிக்கார்ப்பு என்பவரைப் பற்றியது. இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரே அன்றைய சிமிர்னா. கிறித்துவைப் பழித்துரைத்தால் விடுதலை உண்டு என்று ஆளுநர் கூறியபோது, எண்பத்தாறு ஆண்டுகள் தாம் தொண்டு செய்த தலைவனைப் பழித்தல் இயலாது என்று முதியவராகிய போலிக்கார்ப்பு மறுத்துவிட்டார். கி.பி. 155ஐ ஒட்டி அவர் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளைத் திரட்டித் தக்க இடத்தில் அடக்கம் செய்ததாகவும், அவர் உயிர் கொடுத்த நாளை ஆண்டுதோறும் பிறந்த நாளாகக் கொண்டாடப் போவதாகவும் சிமிர்னா மக்கள் அண்டைச் சபைகளுக்கு மடல் எழுதினர். பிப்ரவரி 23 இன்று அவர் திருநாள்.

இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், 354ஆம் ஆண்டைச் சார்ந்த உரோமை நாள்காட்டி ஒன்றில் மறைசாட்சியர் பட்டியல் காணப்படுகிறது. செபஸ்தியார்க்கு ஜனவரி 20, ஆக்னெசம்மாளுக்கு ஜனவரி 21, லவுரேஞ்சியார்க்கு ஆகஸ்டு 10 என இன்றும் வழங்கும் நாள்கள் அதிலேயே உள்ளன. அப்பட்டியலில் பெரும்பாலும் இரண்டு செய்திகளே குறிக்கப்பட்டுள்ளன. ஒன்று நாள், மற்றொன்று அடக்கம் செய்த இடம். இறந்த ஆண்டு அரிதாகவே குறிக்கப்பட்டுள்ளது. எந்நாளில், எவ்விடத்தில் கூடவேண்டும் என்பதுதான் அம்மக்களுக்கு வேண்டியிருந்தது. ஆகவே, திருநாள் பட்டியல் முதலில் வரலாற்று ஏடாகப் பிறக்கவில்லை. அது கல்லறைக்கு வழிகாட்டும் குறிப்பாகவே பிறந்தது. வாழ்க்கை வரலாறுகள் பின்னரே விரித்து எழுதப்பெற்றன.

மாலையும் பத்து நாளும்

இறந்த நாளே திருநாள் என்பது எளிய விதியாகத் தோன்றினும், அதைக் கணக்கிடுவதில் வியப்பான நிகழ்ச்சிகள் உண்டு. அசிசி நகர்ப் பிரான்சிஸ் 1226ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் மாலை, கதிரவன் மறைந்தபின் உயிர் நீத்தார். அவர் திருநாளோ அக்டோபர் 4. தமிழர் ஞாயிறு எழுவதை நாளின் தொடக்கமாகக் கொள்வர். திருச்சபையோ யூதர் வழக்கைத் தழுவிப் பெருவிழா நாளை முந்திய நாள் மாலையிலேயே தொடங்குகிறது. பொழுது சாய்ந்தபின் இறந்தவர் அக்கணக்கில் மறுநாள் இறந்தவராகிறார். தமிழகக் கடற்கரையூர்கள் பலவற்றில் திருநாளின் முந்திய மாலை ஆராதனை பெருஞ்சிறப்போடு நடைபெறுவதற்கும் இக்கணக்கே அடிப்படை.

ஸ்பெயின் நாட்டு ஆவிலா நகர்த் தெரேசம்மாளின் வரலாறு இன்னும் வியப்பானது. அவர் 1582ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இரவில் மறைந்தார். பொழுது விடிந்தபோது அக்டோபர் 15! பதின்மூன்றாம் கிரகோரிப் பாப்பரசர் நாள்காட்டியைத் திருத்தி, கதிரவன் செலவோடு பொருந்தாமல் மிகுந்துபோயிருந்த பத்து நாள்களை நீக்குமாறு குறித்த இரவு அதுவே. ஆகவே தெரேசம்மாளின் திருநாள் அக்டோபர் 15 ஆயிற்று. இன்று உலகெங்கும் வழங்கும் கிரகோரி நாள்காட்டியின் பிறப்பை ஒரு புனிதையின் இறப்பு நாள் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறது.

விதிக்கு விலக்கானவை

பிறந்த நாளே திருநாளாக அமைவது மூவர்க்கு மட்டுமே. டிசம்பர் 25 கிறித்து பிறந்த திருநாள். செப்டம்பர் 8 மரியன்னை பிறந்த திருநாள். ஜூன் 24 திருமுழுக்கு யோவான் பிறந்த திருநாள். வேளாங்கண்ணித் திருவிழா செப்டம்பர் 8ஆம் நாள் முடிவுறுவது இதனாலேயே.

சிலருக்கு இறந்த நாள் வசதியற்றதாய் இருந்தது. உயிர்த்தெழுந்த திருநாள் ஆண்டுதோறும் நாள் மாறி வருவது. அதற்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்திலும், உயிர்ப்பு விழாவை ஒட்டிய நாள்களிலும் பிற விழாக்கள் அடங்கிப் போகும். மிலான் நகர் ஆயர் அம்புரோசியார் 397ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், உயிர்ப்பு விழாவுக்கு முந்திய சனிக்கிழமையன்று மறைந்தார். அவர் திருநாளோ டிசம்பர் 7. 374இல் அவர் ஆயராகத் திருநிலை பெற்ற நாள் அது. மக்கள் அவரை ஆயராகத் தேர்ந்தபோது அவர் திருமுழுக்குக்கூடப் பெறாத அரசு அதிகாரியாய் இருந்தார் என்பது நினைக்கத்தக்கது. பெரிய கிரகோரியார் 604ஆம் ஆண்டு மார்ச் 12இல் இறந்தவர். இன்று அவர் பாப்பரசராகத் திருநிலை பெற்ற செப்டம்பர் 3ஆம் நாளில் நினைக்கப்படுகிறார். அண்மைக் காலத்தில் இரண்டாம் அருள் சின்னப்பர் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 2இல் மறைந்தார். அவர்க்கு அமைந்த திருநாள், 1978இல் தம் பாப்பரசுப் பணியை விழாவோடு தொடங்கிய அக்டோபர் 22.

தோமையாரின் நாள் மாறியதும் தமிழர் அறியவேண்டுவது. இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவராகிய அவர் மயிலாப்பூரில் உயிர் நீத்தார் என்பது நெடுங்கால மரபு. அவர் திருநாள் டிசம்பர் 21 என உரோமை நாள்காட்டியில் வழங்கிற்று. 1969ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் அது ஜூலை 3க்கு மாறிற்று. அவருடைய திருவெலும்புகள் எதெஸ்ஸா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டதைக் கீழைச் சபையார் நினைவுகூர்ந்துவந்த நாள் அது.

மலாக்கா கண்ட வெறுங்கல்லறை

மலேசிய மண்ணோடு நேரே தொடர்புடைய புனிதர் பிரான்சிஸ் சவேரியார். 1506இல் ஸ்பெயின் பகுதியாகிய நவார் நாட்டில் பிறந்த அவர், 1542இல் கோவாவை அடைந்து, அவ்வாண்டின் இறுதியிலேயே முத்துக்குளித்துறைக்குச் சென்றார். அங்குள்ள பரதவர் மொழி தமிழ். இருமொழி அறிந்தாரின் துணையோடு செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துத் தெருத்தெருவாகச் சென்று சிறுவரை அழைத்துக் கற்பித்தார் என்பது அவர்தம் மடல்களால் அறியப்படுவது. 1545இல் மலாக்காவுக்கு வந்தார். பின்னரும் பன்முறை அத்துறைமுகம் அவர்க்குத் தங்குமிடமாயிற்று.

1552இல் சீனம் செல்ல மலாக்காவிலிருந்து புறப்பட்டவர், கான்டன் நகருக்குத் தெற்கேயுள்ள சான்சியன் தீவில் நோயுற்று டிசம்பர் 3ஆம் நாள் ஒரு குடிசையில் உயிர் துறந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் உடல் மலாக்காவுக்குக் கொணரப்பட்டுக் குன்றின் மேலிருந்த மாதா கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. ஆண்டிறுதியில் மீண்டும் எடுக்கப்பட்டுக் கோவாவுக்குச் சென்றது. பிற்காலத்தில் சின்னப்பர் கோயில் என்று பெயர் பெற்ற அக்கோயிலின் இடிந்த சுவர்களுக்கிடையே, அவர் உடல் கிடந்த வெறுங்குழியை இன்றும் காணலாம். உடல் தங்கியது ஓராண்டுக்கும் குறைவு. ஆயினும் இடத்தை மக்கள் மறக்கவில்லை. 1622ஆம் ஆண்டு மார்ச் 12இல் சவேரியார் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அதே நாளில் அப்பட்டம் பெற்றவருள் ஆவிலாத் தெரேசம்மாளும் ஒருவர்.

தமிழ் மண்ணில் மூன்று நாள்கள்

பிப்ரவரி 4 அருளானந்தர் திருநாள். லிஸ்பன் நகரில் 1647இல் பிறந்த ஜோவான் தெ பிரிட்டோ என்பாரே தமிழகத்தில் அருளானந்தர் ஆனார். மதுரை மறைத்தளத்தில் காவியுடுத்துப் புலால் மறுத்துத் தமிழ்த் துறவியாகவே வாழ்ந்தார். 1686இல் சிறையும் வதையும் பட்டு நாட்டை நீங்கினார். போர்ச்சுகலில் தங்கிவிடுமாறு மன்னரே வற்புறுத்தியும் 1690இல் திரும்பி வந்தார். மறவர் சீமையின் தலைவருள் ஒருவராகிய தடியத்தேவர் அவர்வழிக் கிறித்தவராகி, மனைவியர் பலருள் ஒருவரோடு மட்டும் வாழ முடிவு செய்தார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவினர். அவர் முறையீடு மன்னரை எட்டியது. அருளானந்தர் சிறைப்பட்டு, 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

அந்நாள் ஒரு சாம்பற் புதன். தவக்காலத்தின் முதல் நாளாகிய அன்று, மனிதன் மண்ணே என்பதை நினைப்பூட்டச் சாம்பலை நெற்றியில் இடுவர். உயிர்ப்பு விழா மிக முந்தி வரக்கூடிய நாள் மார்ச் 22. 1693இல் அது அவ்வாறே வந்தது. எனவே சாம்பற் புதனும் பிப்ரவரி 4இல் அமைந்தது. கிரகோரி நாள்காட்டி வந்தபின் உயிர்ப்பு விழா மார்ச் 22இல் அமைந்த ஆண்டுகள் 1598, 1693, 1761, 1818 என்னும் நான்கே. அடுத்தது 2285இல் வரும். அருளானந்தர் 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் குருதி படிந்து சிவந்தது என்று மக்கள் போற்றும் ஓரியூர்ச் செம்மணலை அடியார்கள் இன்றும் எடுத்துச் செல்கின்றனர்.

ஜனவரி 16 யோசேப்பு வாஸ் அடிகளின் திருநாள். கோவாவில் பிறந்த இக்குரு, டச்சுக்காரர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் ஏழைத் தொழிலாளி வடிவில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். கண்டியில் போர்ச்சுக்கீசிய ஒற்றர் என்ற ஐயத்தால் சிறையிடப்பட்டார். 1697இல் பெரியம்மை பரவிப் பலர் ஊரைவிட்டு ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிச்சென்று பேணினார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16இல் கண்டியில் மறைந்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரை அடக்கம் செய்த இடம் இன்னதென்று இன்று சுட்ட இயலவில்லை. பண்டை உரோமைப் பட்டியல் நாள், இடம் என்னும் இரண்டையும் காத்தது. வாஸ் அடிகளுக்கோ இடம் மறைந்து நாள் மட்டும் நின்றது. அந்த ஒரு நாளே அவருக்குக் கல்லறையாகவும் அமைந்தது எனலாம்.

ஜனவரி 14 தேவசகாயம் பிள்ளையின் திருநாள். இவர் குருவுமல்லர், துறவியுமல்லர். மனைவியோடு இல்லறம் நடத்தியவர். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, நீலகண்டப் பிள்ளை என்னும் பெயரோடு திருவிதாங்கூர் அரசில் அலுவல் பார்த்தார். குளச்சற்போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாயின் நட்பால் கிறித்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் கைது செய்யப்பட்டு, எருமை மேல் ஏற்றி ஊர்தோறும் நடத்தப்பட்டு, 1752ஆம் ஆண்டு ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் அவர் எலும்புகளைத் திரட்டிக் கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தனர். போலிக்கார்ப்புக்குச் சிமிர்னா மக்கள் செய்ததையே, பதினாறு நூற்றாண்டு கழித்து, அம்மடலைக் கண்டிராத குமரி நாட்டு மக்களும் செய்தனர். 2022ஆம் ஆண்டு மே 15இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். இன்று அவர் திருநாள் பொங்கலை ஒட்டியே வருகிறது.

பெயர்களில் மறைந்துள்ள தமிழ்

தமிழாசிரியர் கருதத்தக்க மற்றொன்று, புனிதர் பெயர்களைத் தமிழாக்கிய முறை. யோவான் என்னும் எபிரேயப் பெயர்க்கு ‘கடவுள் அருளுடையவர்’ என்பது பொருள். அதனால் யோவான் தமிழில் அருளப்பர் ஆனார். ஜோவான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். பவுல் என்பதற்கு இலத்தீனில் ‘சிறியவர்’ என்று பொருள், அவர் சின்னப்பர். இலாசர் என்பதற்குக் ‘கடவுளின் உதவி’ என்று பொருள். நீலகண்டப் பிள்ளை ஏற்ற தேவசகாயம் என்னும் பெயர் அதுவே. யோசேப்பு என்பது பெருகுதலைக் குறிக்கும் பெயராதலின், வீரமாமுனிவர் தம் தேம்பாவணிக் காப்பியத் தலைவனுக்கு வளன் என்று பெயரிட்டார். அவர் திருநாள் மார்ச் 19. ஒலியைத் திரித்து எழுதுவதோடு நில்லாமல் பொருளைப் பெயர்த்துத் தந்தமையால், அப்பெயர்கள் நம் வீட்டுப் பெயர்களாயின.

தமிழில் புனிதர் வரலாறுகள் நூலானதும் மிகப் பழைய செய்தியே. சவேரியார்க்குப் பின் முத்துக்குளித்துறையில் தொண்டாற்றிய அண்டிரிக்கே அடிகள் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். 1586இல் அவர் இயற்றிய பெருநூல், ‘புனிதர்களின் மலர்’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரோடு வெளிவந்தது. ஐரோப்பாவில் அப்பெயருடைய நூல்கள் ஆண்டின் திருநாள் வரிசையில் புனிதர் வரலாறுகளைக் கூறுவன. தமிழ்நூலின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் தங்கிற்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராய் விளங்கிய தனிநாயகம் அடிகள், ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த இத்தகைய முதல் தமிழ் அச்சு நூல்களை 1950களில் ஆராய்ந்து எழுதி அறிஞர் கவனத்துக்குக் கொணர்ந்தார். 1967இல் இராசமாணிக்கம் அடிகள் அதனை ‘அடியார் வரலாறு’ என்னும் பெயரில் தூத்துக்குடியிலிருந்து பதிப்பித்தார். பரதவர் பொருளுதவியால் வந்த தமிழ் அச்சுக்கலையின் முதற்பெரும் பயன்களுள் ஒன்று, இத்திருநாள்களின் கதையே.

வரலாறும் மரபும்

பழங்காலத்தில் மக்கள் போற்றினாலே ஒருவர் புனிதராவார். பாப்பரசர் ஒருவர் முறைப்படி அறிவித்ததாகத் தெரியும் முதல் நிகழ்ச்சி 993இல் நிகழ்ந்தது; அன்று அறிவிக்கப்பட்டவர் ஜெர்மானிய ஆயர் உல்ரிக். பிற்காலத்தில் வாழ்க்கையையும் எழுத்தையும் சான்றுகளையும் ஆராயும் முறை வளர்ந்தது. முதலில் அருளாளர் என்றும், பின்னர்ப் புனிதர் என்றும் அறிவிப்பது இன்றைய நெறி.

1969இல் ஆறாம் சின்னப்பர் பொது நாள்காட்டியைச் சீர்திருத்தியபோது, வரலாற்றுச் சான்று போதாத சிலரின் நாள்கள் நீக்கப்பட்டன. குழந்தை வடிவில் வந்த கிறித்துவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்ததாகக் கதை வழங்கும் கிறிஸ்தோபரின் ஜூலை 25ஆம் நாளும் அவற்றுள் ஒன்று. அவர் புனிதர் அல்லர் என்று கூறப்பட்டதாகப் பலர் தவறாக எண்ணினர். உண்மை அதுவன்று. உலகப் பொது நாள்காட்டியில் இடம் இல்லை என்பதே முடிவு. ஊர்தோறும் போற்றுவதற்குத் தடையில்லை. அலெக்சாந்திரியா நகர்க் கத்தரீனம்மாளின் நவம்பர் 25ஆம் நாள் 2002இல் மீண்டும் இடம் பெற்றது.

இதனால் ஒரு தெளிவு பிறக்கிறது. புனிதர் வரலாற்றைக் கற்பிப்போர் மரபு இது, வரலாறு இது என்று பிரித்துக் காட்டவேண்டும். தோமையார் மயிலையில் இறந்தார் என்பது மரபு. அருளானந்தர் ஓரியூரில் இறந்தார் என்பது வரலாறு. மரபைப் பொய்யென்று தள்ளுவதும், அதனையே வரலாறு என்று சாதிப்பதும் மாணவர்க்கு நன்மை செய்யா. மலேசியத் தமிழர் பலர் ஆண்டுதோறும் செல்லும் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவை எண்ணுக. மரியன்னையின் தாயாகிய அன்னம்மாள் பிறந்த நாளோ இறந்த நாளோ எவ்வேட்டிலும் இல்லை. அவர் பெயரும் விவிலியத்துக்குப் புறம்பான பழைய நூலால் அறியப்படுவதே. ஆயினும் ஜூலை 26ஆம் நாளில் அங்கே கூடுவோர் ஏற்றும் மெழுகுதிரி பொய்யன்று. அங்கே நாளைத் தந்தது வரலாறு அன்று. கூடும் மக்களின் அன்பே.

நாளும் பெயரும் நிலைத்தவர் சிலர். இரண்டும் மறைந்துபோனவர் பலர். பெரியம்மைக் காலத்தில் வாஸ் அடிகளோடு நின்று நோயாளியைத் தூக்கியவர் யார்? காற்றாடி மலையடியில் எலும்புகளைத் தேடிப் பொறுக்கியவர் யார்? அவர்கள் பெயரில் நாள்காட்டியில் தேதி இல்லை. அத்தகையோர்க்கென்றே திருச்சபை நவம்பர் 1ஆம் நாளை அனைத்துப் புனிதர் திருநாளாக வைத்துள்ளது. மறுநாள் இறந்தோர் அனைவருக்கும் உரிய கல்லறைத் திருநாள். அன்று தமிழ்க் கத்தோலிக்கர் தத்தம் முன்னோர் கல்லறையில் பூவும் மெழுகுதிரியும் வைத்து நிற்பர். சிமிர்னா மக்கள் ஒரு முதியவரின் கல்லறையில் தொடங்கிய வழக்கம், இவ்வாறு ஒவ்வொரு குடும்பத்தின் கல்லறைக்கும் வந்து சேர்கிறது. ‘அன்றுதான் அவர் பிறந்தாரா?’ என்று கேட்கும் மாணவனுக்கு ஆசிரியர் கூறத்தக்க விடையும் அதுவே: அன்று அவர் இறந்தார், அவரை மறக்கலாகாது என்று பிறர் முடிவு செய்தது அன்றுதான்.